கடல் கடந்த வருவாயும் கை மீறும் செலவும்



மத்திய கிழக்கு நாடொன்றுக்குத் தொழில் தேடிச் சென்ற ஒருவர் பன்னிரண்டு வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறார். சாரதியாகவோ களஞ்சியப் பொறுப்பாளராகவோ கடமையாற்றி, மாதாந்தம் ஒழுங்காகச் சம்பளம் பெற்றவர் அவர். திரும்பி வந்து ஆறு மாதங்கள் கடப்பதற்குள் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஒரு வருடம் நிறைவதற்குள் அவர் மறுபடியும் விசாவுக்காக அலைகிறார். இத்தகைய ஒருவரைக் காணாத முஸ்லிம் ஊர் எமது நாட்டில் உண்டா என்பது சந்தேகமே. "அவ்வளவு பணமும் எங்கே போயிற்று?" என்று ஊரார் கேட்கின்றனர். அவர் சூதாடியவர் அல்லர். மதுவைத் தொட்டவரும் அல்லர். ஐவேளைத் தொழுகையைப் பேணியவர். அந்தப் பணம் முழுவதும் சாதாரணமான, கேட்போருக்கு நியாயமாகத் தோன்றக்கூடிய செலவுகளிலேயே கரைந்து போயிற்று. எனவேதான் அதனை யாரும் வீண்விரயம் என்று எண்ணவில்லை.

புதிய நாட்டுக்குச் செல்பவர் தமது உடையை மாற்றிக்கொள்கிறார், உணவை மாற்றிக்கொள்கிறார், புதிய பாஷையையும் கற்றுக்கொள்கிறார். ஆனால், செலவு செய்யும் பழக்கத்தை மாத்திரம் அவர் திட்டமிட்டு மாற்றிக்கொள்வதில்லை. அது தானாகவே, அவர் அறியாமலேயே மாறிவிடுகிறது.

ஹிஜ்ரத்தின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். மக்காவில் செல்வந்தராக வாழ்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மதீனாவை வந்தடைந்தபோது வெறுங்கையுடன் நின்றார்கள். அவர்களுக்குச் சகோதரராக ஆக்கப்பட்ட ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை ஏற்றுக்கொள்வதில் எந்தக் குற்றமும் இருக்கவில்லை. ஆயினும், அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டுமே கேட்டார்கள். பனூ கைனுகாஃ சந்தையில் நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்று வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். சிறிது காலத்தின் பின்னர் அவர்கள் திருமணம் செய்தபோது மஹராகக் கொடுத்தது ஒரு பேரீச்சங் கொட்டையின் எடையளவு தங்கமே. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கூறினார்கள். மக்காவில் தமக்கிருந்த அந்தஸ்தை மதீனாவில் முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று அந்த ஸஹாபி நினைக்கவில்லை. புதிய ஊரின் சந்தையையும் தம் கையில் இருந்ததையும் அறிந்த பின்பே அவர்கள் வாழ்வை அமைத்துக்கொண்டார்கள்.

இனி எமது இளைஞரிடம் வருவோம். கட்டாரில் மாதம் 2,000 ரியால் சம்பளத்துக்குச் சென்ற ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தங்குமிடம் கம்பனி தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதங்களில் அவர் எதை வாங்கினாலும் அதன் விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்கிறார். ஒரு கோப்பை கரக் தேநீரின் விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமலே திரும்பிவிடுகிறார். ஆறு மாதங்கள் சென்றதும் அந்தப் பெருக்கல் அலுத்துவிடுகிறது. அறையில் இருக்கும் மற்றவர்கள் என்ன செய்கிறார்களோ அதையே அவரும் செய்கிறார். வியாழன் இரவில் வெளிச்சாப்பாடு, புதிய கையடக்கத் தொலைபேசி, விலைக்கழிவுக் காலத்தில் இரண்டு சோடி சப்பாத்து என்று செலவு வளர்கிறது. முந்தியது அளவுக்கு மிஞ்சிய இறுக்கம் என்றால், பிந்தியது அளவுக்கு மிஞ்சிய தளர்வு.

ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதே அடிப்படையில் பிழையான அளவுகோல். ஏனெனில் ரியால் அசையாமல் நிற்கிறது. எமது ரூபாய்தான் அசைகிறது. கட்டார் ரியால் ஒரு அமெரிக்க டொலருக்கு 3.64 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் நிலையாகக் கட்டப்பட்டுள்ளன. 2019இல் ஒரு கட்டார் ரியாலுக்கு ஏறத்தாழ 49 ரூபாய் கிடைத்தது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சந்தையின் போக்கில் விடப்பட்ட பின்னர், அந்த வருட நடுப்பகுதியில் அதே ரியாலுக்கு ஏறத்தாழ 99 ரூபாய் கிடைத்தது. பல வீடுகளில் சம்பளம் இரட்டிப்பாகிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். மேல்மாடிக்கு அத்திவாரம் இட்டவர்களும் உண்டு. ஆனால், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் பால்மாவும் ஏறிய வேகத்தில் அந்த மேலதிக ரூபாய்கள் கரைந்தன. மறுவருடம் ரூபாய் சற்று வலுப்பெற்றபோது ரியாலுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தது. ஏறிய விலைகளோ பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? உழைத்த நாட்களைக்கொண்டு அளவுங்கள். மாதத்தில் 26 நாட்கள் வேலை என்றால் 2,000 ரியால் சம்பளக்காரரின் ஒரு நாள் உழைப்பு ஏறக்குறைய 77 ரியால். 1,540 ரியால் பெறுமதியான தொலைபேசி அவருக்கு இருபது நாள் உழைப்பு. நாற்பத்தைந்து பாகை வெயிலில் நின்ற இருபது நாட்கள்! இந்தக் கணக்கைச் செய்துவிட்டு அதை வாங்குபவர் வாங்கட்டும். அது அவரது உரிமை. ஊரில் இருக்கும் தம்பி, தங்கையரும் இதே கணக்கைச் செய்ய வேண்டும். "நாநா, எனக்கும் அதே போன் வேண்டும்" என்று கேட்கும் தம்பிக்கு இருபது நாள் என்ற சொல் விளங்கும். 1,540 என்ற இலக்கம் விளங்காது.

இன்னுமொரு விடயம் அநேகருடைய கவனத்துக்கு வருவதே இல்லை. இலங்கையில் தனியார் துறையில் தொழில் புரிபவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவரது சம்பளத்தில் 8 வீதமும் தொழில் வழங்குநரிடமிருந்து 12 வீதமும் அதில் சேருகின்றன. அதற்கு மேலதிகமாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் செலுத்தப்படுகிறது. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சம்பளத்தில் 23 வீதத்துக்குச் சமமான தொகை ஒவ்வொரு மாதமும் அவருக்காக ஒதுங்குகிறது. விமானத்தில் ஏறிய நாளிலிருந்து இது நின்றுவிடுகிறது. வளைகுடாவில் அவருக்காகச் சேமிப்பவர் எவருமில்லை. அங்கே கிடைப்பது சேவைக்காலப் பணிக்கொடை மாத்திரமே. கட்டாரில் அது வருடமொன்றுக்குக் குறைந்தபட்சம் மூன்று வார அடிப்படைச் சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாட்களும் அதன்பின் 30 நாட்களும். சவூதியில் முதல் ஐந்து வருடங்களுக்கு அரை மாதச் சம்பளமும் அதன்பின் ஒரு மாதச் சம்பளமும்.

அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டார் உதாரணத்திலே, ஒப்பந்தத்தில் 2,000 என்பது 1,200 அடிப்படை, 800 கொடுப்பனவு என்று பிரிக்கப்பட்டிருந்தால், மூன்று வாரக் கணக்கு 1,200இல்தான் போடப்படும். வருடத்துக்கு 840 ரியால். பத்து வருடங்களில் 8,400. முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 14,000 கிடைத்திருக்கும். முகவர் காட்டும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் இளைஞர் இதை அறிவதில்லை.

ஆகவே அந்த 23 வீதத்தை இனி அவரே தமக்காக ஒதுக்க வேண்டும். உணவுக்கு 450, தொலைபேசிக்கு 80, ஏனையவற்றுக்கு 120, வீட்டுக்கு 1,000 என்று போனால் 350 ரியால் மிஞ்சும். இது ஒரு மாதிரிக் கணக்குத்தான். ஒவ்வொருவரது நிலைமையும் வேறுபடும். மாதம் 350 என்றால் பத்து வருடங்களில் 42,000 ரியால். ஒரு ரியாலுக்கு 80 ரூபாய் வீதம் பார்த்தாலும் 33 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். சம்பளம் கிடைத்த அன்றே இதை ஒதுக்கிவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருப்பவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. செழிப்பான ஏழு வருடங்களில் விளைந்ததைக் கதிரோடு சேர்த்து வைக்குமாறு யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தியருக்குக் காட்டிய வழியில் இந்த ஒழுங்கு இருக்கிறது. அவர்கள் பஞ்சம் வந்த பின்பு சேமிக்கத் தொடங்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு வயிற்றைக் கட்டத் தொடங்கிவிடாதீர்கள். மூன்று நேரமும் குப்பூஸும் வெறும் தேநீருமாகக் காலத்தைக் கடத்தி, காய்கறியையும் பழத்தையும் மறந்து, நோய் வந்தால் மருந்து வாங்கவும் தயங்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்துகொண்டு போதிய நீர் அருந்தாதவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடையும் ஆபத்து உண்டு. நாற்பது வயதில் நோயாளியாகத் திரும்புபவரின் சேமிப்பை ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும். வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம் கஞ்சத்தனத்தையும் தடுத்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையையே அது அடியார்களுக்குரிய பண்பாகக் கூறுகிறது. அறையில் நால்வர் சேர்ந்து முறை வைத்துச் சமைப்பது உடம்புக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. எமது பிள்ளைகளில் பலர் உம்மாவின் சமையலின் அருமையை அறிந்ததே அந்த அறை அடுப்பில் முதல் தடவையாகப் பருப்பைக் கருக்கிய பின்னர்தான்!

பெற்றோர்களே! இனி நாம் கூறப்போவது உங்களுக்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம்.

மகன் நாட்டை விட்டுப் போகிறான். ஆனால், வாழ்க்கை முறை மாறுவது பெரும்பாலும் வீட்டில்தான். அவன் போய் ஆறாம் மாதம் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. பக்கத்துக் கடைக்கும் முச்சக்கர வண்டியில் போகும் பழக்கம் வருகிறது. முன்னர் ஐம்பது பேருடன் நடந்த வைபவம் முந்நூறு பேருக்கு விரிகிறது. ஊரவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நன்கொடைச் சீட்டும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வரும். அவனோ கட்டில்மேல் கட்டில் போட்ட அறையில் மேல் கட்டிலில் படுத்திருக்கிறான். அவன் அனுப்பும் படங்களில் உயர்ந்த கட்டடங்களும் அழகிய கடற்கரையும் தெரிகின்றன. அந்த அறையைப் படம் பிடித்து அனுப்ப அவனுக்கு மனம் வருவதில்லை. அனுப்பினால் உம்மா அழுவா என்பது அவனுக்குத் தெரியும். இந்த மறைப்பு அன்பினால் வருவது. ஆயினும், அதன் விலையை இரு தரப்பும் செலுத்துகின்றன. உண்மையான சம்பளத்தையும் உண்மையான செலவையும் அறியாத குடும்பம் நியாயமாகக் கேட்க வழியில்லை.

அடுத்தது வீடு. கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்யும் வழமை நிலைத்திருக்கிறது. குமர்கள் மூவர் இருந்தால் மூன்று வீடுகள். வாப்பாவின் உழைப்பு ஒரு வீட்டோடு முடிந்துவிட, மற்ற இரண்டும் வெளிநாட்டில் இருக்கும் நாநாவின் தலையில் விழுகின்றன. ஏனைய பிரதேசங்களில் இதுவே ரொக்கமாகவும் நகையாகவும் சீதனம் என்ற பெயரில் நிற்கிறது. இஸ்லாம் மணமகனிடமிருந்து மணமகளுக்கு மஹரைக் கடமையாக்கியிருக்கிறது. நாமோ அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, அந்தச் சுமையைச் சுமக்க இளைஞர்களைப் பாலைவனத்துக்கு அனுப்புகிறோம். முப்பத்தைந்து வயதாகியும் தம் திருமணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, சகோதரியின் வீட்டுக்கு ஓடு வாங்கப் பணம் அனுப்பும் ஆண்மக்கள் எத்தனை பேர்! அந்த வீட்டை எதிர்பார்த்து நிற்கும் மாப்பிள்ளை வீட்டாரும் எமது ஜும்ஆவில் முதல் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய காதிலும் இது விழட்டும்.

கட்டத்தான் வேண்டும் என்றால் அளவாகக் கட்டுங்கள். குடியிருக்கும் வீடு வருமானம் தருவதில்லை. அது பெரிதாகப் பெரிதாகப் பராமரிப்பும் மின்கட்டணமும் பெருகும். தொட்டுத் தொட்டுக் கட்டி, பாதியில் கம்பி துருப்பிடித்து நிற்கும் மேல்மாடிகளில் புதைந்திருப்பது ஒருவருடைய இளமைக் காலம்.

கடனைப்பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடா வங்கிகள் சம்பளச் சான்றிதழைப் பார்த்தே தனிநபர் கடனும் கடனட்டையும் கொடுக்கின்றன. வட்டியின் பாவம் ஒருபுறமிருக்க, அங்கே கடன் நிலுவையாக இருந்தால் வழக்கும் பயணத் தடையும் வரலாம். வதிவிட அனுமதியோ தொழிலோடு கட்டப்பட்டது. தொழில் போனால் நாட்டிலிருந்து வெளியேற வேண்டும். கடன் இருந்தால் வெளியேறவும் முடியாமற் போகலாம். 1990 ஓகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோதும், 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோதும் எமது மக்கள் ஒரு பயணப் பையுடன் திரும்பிய காட்சிகள் மறக்கக்கூடியவை அல்ல. கடனில்லாதவர்கள் குறைந்தபட்சம் நிம்மதியாகத் திரும்பினார்கள். கடனோடு மரணித்த ஒருவருக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுகை நடத்தியதும் நாம் அறிந்த செய்திகளே.

மனைவி மக்களையும் அழைத்துச் செல்ல விரும்புபவர்கள், "வளைகுடாவில் வரி கிடையாது" என்ற பேச்சை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால், பிள்ளைகளின் பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் வாடகைக்கும் தம் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். சவூதியில் தங்கி வாழும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. வருடந்தோறும் கூடி 2020 ஜூலையில் அது 400 ரியாலாகியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். அதே 2020 ஜூலையில் அங்கே பொருட்களின் மீதான பெறுமதி சேர் வரியும் 5 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்ந்தது. பல குடும்பங்கள் அந்த வருடங்களில் ஊர் திரும்பியதற்கு இவையும் காரணங்கள். பிரித்தானியா போன்ற நாடுகளுக்குச் சென்றவர்களின் கணக்கு வேறு. சம்பளம் கைக்கு வருமுன்னரே வரி கழிக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக அரச பாடசாலை இலவசம். ஆனால், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவும் உள்ளூராட்சி வரியும் புதிதாக வந்தவரை முதல் வருடத்தில் திகைக்க வைக்கும்.

குடும்பம் ஒன்றாக வாழ்வது பெரிய பாக்கியம். அதற்காக அதிகம் செலவாவதை நாம் விரயம் என்று கூறமாட்டோம். பிள்ளைகள் வாப்பாவைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்டு வளர்வதைவிட, இரண்டு அறை வீட்டில் நெருக்கமாக அவரோடு வளர்வது மேலானது. ஆனால், அந்த முடிவை எடுப்பவர் ஊரில் கட்டும் மாடியைக் கைவிடத் தயாராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு சம்பளத்தில் செய்ய முயன்றவர்களே கடனட்டைக்குப் போனார்கள்.

ஸகாத்தை மறந்துவிடாதீர்கள். பிற நாட்டில் இருக்கும் சேமிப்பும் உங்களுடைய சேமிப்பே. நிஸாபை அடைந்து ஒரு சந்திர வருடம் பூர்த்தியானால் ஆயிரம் ரியாலுக்கு 25 ரியால் ஏழைகளுடையது. சந்திர வருடம் ஏறத்தாழ 354 நாட்கள் என்பதால், ஆங்கில மாதத் திகதியை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் தவறிப்போகும். ரமழானில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வது இலகுவானது. கையில் இன்னும் கிடைக்காத பணிக்கொடைக்கு என்ன சட்டம் என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பயணத்துக்கு முன்னர், உறவினர் கூட்டம் எல்லாம் போன பிறகு, ஓர் இரவு வாப்பாவும் உம்மாவும் மகனும், மணமானவர் என்றால் மனைவியும், ஒன்றாக உட்காருங்கள். இரண்டு கொப்பிகளை வாங்கி வையுங்கள். ஒன்று அவரது பயணப் பெட்டிக்குள் போகட்டும். மற்றது வீட்டு அலுமாரியில் இருக்கட்டும். தொழில் ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டுக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். மாதம் ஒருமுறை, முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, இரு கொப்பிகளையும் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். கொப்பியின் முதற் பக்கத்தில் இந்தப் பயணத்துக்காகப் பட்ட கடனை எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, எப்போது கொடுத்து முடிப்பது. இரண்டாம் பக்கத்தில் அவர் திரும்பி வரும் ஆண்டை எழுதுங்கள்.